கத்திரிக்கு முன்னால் சீப்பு



சித்திரை வெயில் ஏறத் தொடங்கினால் என்னைப் போன்ற கால்நடை மருத்துவர்களிடம் தவறாமல் ஒரு கேள்வி வரும். "டாக்டர், வெயில் தாங்கல. நாய்க்கு மொட்டை அடிச்சிடலாமா?" கேட்பவர்கள் பாசத்தில்தான் கேட்கிறார்கள். நமக்கே இப்படி வேர்த்து ஊற்றுகிறதே, உடம்பெல்லாம் முடியை வைத்துக்கொண்டு இந்த வாயில்லா ஜீவன் என்ன பாடுபடுமோ என்ற கவலை. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும்.

நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கும். அந்த வேர்வை காயும்போது உடம்பு குளிரும். நாய்க்கு அந்த வசதி கிடையாது. பாதத்தின் மெத்தைப் பகுதியில் கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும் முக்கியமான வழி. ஆகவே முடியை வழித்தால் வேர்வை காய்ந்து குளிரும் என்ற நம் கணக்கு நாயிடம் செல்லாது.

இன்னொன்றும் இருக்கிறது. பொமரேனியன், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி இவற்றுக்கெல்லாம் முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான, சற்று முரடான முடி. அடியில் மெத்தென்ற குறுமுடி. மேல்முடி வெயிலையும் மழையையும் தடுக்கும். அடிமுடி தோலை ஒட்டிக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒட்ட வழித்துவிட்டால் வெயில் நேராகத் தோலில் விழுகிறது. நாயின் மேல்தோல் பெரும்பாலான இடங்களில் 3 முதல் 5 செல் அடுக்கு கனம்தான். நம்முடையது 10 முதல் 15 அடுக்கு. அவ்வளவு மெல்லிய தோலை மே மாத வெயிலுக்குத் திறந்து விடலாமா, சொல்லுங்கள்.

மொட்டை அடித்த முடி திரும்ப வருவதும் நிச்சயமில்லை. அக்னி நட்சத்திரத்தின்போது வழித்த ஒரு பொமரேனியனைத் தீபாவளி கழித்து என்னிடம் கொண்டுவந்தார்கள். முதுகில் திட்டுத் திட்டாக அடிமுடி மட்டும் எட்டிப் பார்த்தது. மேல்முடி வரவே இல்லை. இப்படி ஆனால் தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். அந்த நாய்க்கு நோய் ஒன்றும் இல்லை. முடி முழுதாக நிரம்ப அடுத்த வருடக் கோடை வந்துவிட்டது. அதுவரை அந்த வீட்டுப் பாட்டி அதை மாடிக்குப் போகவிடாமல் நிழலிலேயே வைத்துக் காப்பாற்றினார்.

அப்படியானால் கோடையில் என்ன செய்வது? நிழல், குடிக்கத் தண்ணீர், ஒரு மின்விசிறி. நடை கூட்டிப் போவதை வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத சூட்டில் அதை நடக்க வைக்காதீர்கள். முடிக்குச் செய்ய வேண்டியது, உதிரக் காத்திருக்கும் அடிமுடியைச் சீவி எடுப்பது. அது போய்விட்டால் மேல்முடிக்குள் காற்று தாராளமாகப் புகும்.

நம் ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை வளர்ப்பவர்களுக்குக் கத்திரி வேலையே கிடையாது. குட்டை முடி. வாரத்துக்கு ஒருமுறை ரப்பர் கையுறையால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தால் தோல் பளபளக்கும். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் நம் ராஜபாளையமும் இடம்பெற்றது. வெள்ளை முடிக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல் உள்ள நாய் அது. ஆகையால் நடுப்பகல் வெயிலில் கட்டிப்போடாதீர்கள். இதை ராஜபாளையம், விருதுநகர்ப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலி நேயர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன்.

கத்திரி உண்மையாகவே தேவைப்படுவது ஷிட்ஸு, லாசா ஆப்ஸோ, பூடில் போன்றவற்றுக்கு. இவற்றின் முடி சீக்கிரம் உதிராமல் வளர்ந்துகொண்டே போகும். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் சீப்பு. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

மாலை நடை முடிந்து, நாய் கொஞ்சம் களைத்திருக்கும் நேரமாகப் பாருங்கள். வழுக்காத ஒரு ரப்பர் விரிப்பைத் தரையில் போட்டு அதில் படுக்க வையுங்கள். கருவிகள் இரண்டு போதும். நெருக்கமான கம்பி முட்கள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று. பாதி அகலப் பல்லும் பாதி நெருக்கப் பல்லும் உள்ள எஃகுச் சீப்பு ஒன்று. பிரஷ்ஷை முதலில் உங்கள் முன்கையில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு எவ்வளவு அழுத்தம் வலிக்கவில்லையோ, அவ்வளவுதான் நாய்க்கும்.

இப்போது இடது கையால் முடியை மேல்நோக்கித் தூக்கிப் பிடியுங்கள். அடியில் தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள முடியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வேரிலிருந்து நுனிவரை பிரஷ் செய்யுங்கள். முடிந்ததும் இன்னும் ஒரு விரல்கடை மேலே முடியைப் பிரித்து அடுத்த அடுக்கு. இப்படியே காலடியிலிருந்து தொடங்கி முதுகுக்கு ஏறி வர வேண்டும். பிரஷ் போன தடத்தில் எஃகுச் சீப்பை விட்டுப் பாருங்கள். வேரிலிருந்து நுனிவரை தடையில்லாமல் இறங்கினால் அந்த இடம் முடிந்தது.

ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், என்னிடம் வரும் நாய்களில் பல, "தினமும் சீவுறோம் டாக்டர்" என்று வீட்டார் சொல்லும் நாய்கள்தான். அவர்கள் பொய் சொல்வதில்லை. தினமும் சீவுகிறார்கள், மேலே மட்டும். மேல்முடி வழுவழுவென்று இருக்கும். விரலை உள்ளே விட்டால் தோலை ஒட்டி முடி தடித்துக் கெட்டியாகச் சிக்கேறிக் கிடக்கும். காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்னங்காலின் அக்குளில், தொடையிடுக்கில், வாலின் அடியில் விரல் விட்டுப் பாருங்கள். சிக்கு முதலில் கட்டுவது அங்கேதான்.

ஐப்பசி அடைமழைக்குப் பிறகு ஓர் அம்மா தம் ஷிட்ஸுவைத் தூக்கி வந்தார். முன்னங்காலை நொண்டியது. எலும்பு முறிவாக இருக்குமோ என்று பயந்து, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி அந்த அம்மா கண் கலங்கி நின்றார். அக்குளில் கை வைத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிக்கு. ஒவ்வொரு அடிக்கும் அது தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. மெதுவாக எடுத்துவிட்டுக் கீழே விட்டோம். இரண்டு முறை உதறிக்கொண்டு அது நேராக நடந்து வாசலுக்குப் போனது. அந்த அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

எல்லாக் கதையும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. வாலடியில் மலமும் சிறுநீரும் ஒட்டி நனைந்த சிக்கில் ஈ முட்டையிட்டு, புழு வைத்து, தோல் அரித்துப் போன பின் வந்த நாய்களையும் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கெட்ட வாடை மட்டும் வரும். மழைக்காலத்தில் உங்கள் நாயிடம் அப்படி ஒரு வாடை வந்தால் சென்ட் அடித்து மறைக்காதீர்கள், முடியை விலக்கிப் பாருங்கள்.

சீவுகிற கைக்கு வேறு பலவும் தட்டுப்படும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தினமும் தம் லாசாவைச் சீவுவார். ஒருநாள் முலைக்காம்புக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி கையில் பட்டிருக்கிறது. மறுநாளே வந்துவிட்டார். சிறியதாக இருந்ததால் அறுவை எளிதாக முடிந்தது. அதே கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்த பின் வந்திருந்தால் நான் அவரிடம் வேறு மாதிரி பேச வேண்டியிருந்திருக்கும்.

அடுத்தது உண்ணி. காது மடலின் உள்பக்கம், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் பாருங்கள். நம் வீட்டு நாய்களில் அதிகம் காணும் பழுப்பு உண்ணி, எர்லிகியா, பபீசியா என்ற இரண்டு ரத்த நோய்களைப் பரப்பும். நல்ல இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது தோலை எரிக்கும், நாய் நக்கினால் உள்ளேயும் போகும். இந்த உண்ணி சுவர் விரிசலில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு, அது படுக்கும் மூலையை விட்டுவிட்டால் மறுபடி வரும்.

குளியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிக்கோடு குளிப்பாட்டாதீர்கள். நனைந்த கயிற்றில் முடிச்சு இறுகுவதுபோல, தண்ணீர் பட்ட சிக்கு காயும்போது இன்னும் கெட்டியாகிவிடும். சீவிய பிறகே குளியல். நாய்த் தோலின் கார அமிலத் தன்மை நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும், நம்முடையது சற்று அமிலம். நம் ஷாம்பு அதற்குப் பொருந்தாது, துணி சோப்பு அதைவிட மோசம். நாய்க்கென்றே விற்கும் ஷாம்பு போதும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்டி, வேர்வரை நன்றாகத் துவட்டிக் காய வையுங்கள்.

இப்போது சிக்கு எடுப்பதும் கத்திரியும். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

சிறிய சிக்கின் மேல் சோள மாவைத் தூவி விரலால் பிரித்துப் பாருங்கள். சிக்கின் அடிப்பாகத்தைத் தோலுக்குப் பக்கத்தில் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால், இழுப்பு தோலுக்குப் போகாது. நுனியிலிருந்து தொடங்கிச் சீப்பின் கடைசிப் பல்லால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். வரவில்லையென்றால்? இங்கேதான் வீட்டில் விபத்து நடக்கிறது. சிக்கைப் பிடித்துத் தூக்கி, அடியில் கத்திரியை விட்டு நறுக்குகிறார்கள். சிக்கைத் தூக்கும்போது அதோடு தோலும் கூடாரமாகத் தூக்கிக்கொண்டு வரும். முடி என்று நினைத்து வெட்டுவது தோலை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் காதுக்குப் பின்னால் தையல் போட வரும் நாய்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

அதற்குப் பதிலாக எஃகுச் சீப்பைத் தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் செருகுங்கள். சீப்பு தோலைக் காக்கும். சீப்புக்கு மேலே உள்ளதை மட்டும் வெட்டுங்கள். சீப்பு நுழையவே இல்லையா? கத்திரியைக் கீழே வைத்துவிடுங்கள். அது கிளிப்பர் இயந்திரத்தால் எடுக்க வேண்டிய சிக்கு. உடம்பு முழுக்க அப்படி இருந்தால் மயக்க மருந்து கொடுத்துக்கூட எடுக்க வேண்டி வரலாம். மருத்துவரிடமோ, தொழில் தெரிந்தவரிடமோ கொண்டுபோங்கள்.

வீட்டில் தாராளமாக வெட்டக்கூடியவை பாத மெத்தைகளுக்கு நடுவில் நீண்டிருக்கும் முடி, ஆசனவாயைச் சுற்றிய முடி. முனை மழுங்கிய கத்திரி வாங்குங்கள். நாய் முழுதாகக் காய்ந்து, சீவி முடித்திருக்க வேண்டும். ஒருவர் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுக்க, ஒருவர் வெட்டுங்கள். கண் பக்கம் கத்திரி போனால் முனை எப்போதும் கண்ணுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். பழகாதவர்கள் கண்மேல் முடியை ரப்பர் பேண்டால் தளர்வாகக் கட்டிவிட்டாலே போதும், குட்டி அழகாகவும் இருக்கும்.

கிளிப்பர் வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாடி டிரிம்மர் இந்த முடிக்குத் தாங்காது, சிக்கிக்கொண்டு இழுக்கும். நாய்க்கான கிளிப்பரில் 10-ஆம் எண் பிளேடு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விட்டு வெட்டும். எண் குறையக் குறைய முடி நீளமாக நிற்கும். தோலை விரித்துப் பிடித்து, பிளேடைப் படுக்கையாக வைத்து, முடி வளரும் திசையிலேயே ஓட்டுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்துங்கள். அந்தச் சூடு பட்டுத் தொடையிடுக்கு சிவந்து, நாய் ராத்திரி முழுக்க நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். வாங்கிய அன்றே வெட்ட ஆரம்பிக்காதீர்கள். சில நாள் வெறுமனே ஓடவிட்டு, அந்தச் சத்தத்தோடு ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்துப் பழக்குங்கள்.

பூடில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. அதன் மார்பிலும் மூட்டுகளிலும் முடியை விட்டு மற்ற இடங்களைக் குறைக்கும் அந்தப் பழைய வெட்டு, தண்ணீரில் வேட்டைப் பறவையை எடுத்து வந்த காலத்தில் தொடங்கியது. குளிர்ந்த நீரில் மார்பும் மூட்டும் விறைக்காமல் இருக்கத்தான் அந்த முடி. சென்னையிலும் மதுரையிலும் அந்தக் குளிர் இல்லை. உடம்பு முழுக்க ஒரே அளவாகக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள், சீவுவதும் எளிது.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். நகமும் காதும் மிச்சம். நகத்தில் நுனியை மட்டும் வெட்டுங்கள், உள்ளே ரத்தக் குழாய் ஓடுகிறது. ரத்தம் வந்தால் சோள மாவை அழுத்திப் பிடியுங்கள். காது நாறினாலோ, நாய் தலையை ஓயாமல் உதறினாலோ நீங்களே குடையாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்று மாலையே உங்கள் நாயை மடியோரம் படுக்க வைத்து, காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் விரல் விட்டுப் பார்ப்பீர்கள், கத்திரியைத் தேடும் முன் ஒரு எஃகுச் சீப்பு வாங்குவீர்கள் என்று நம்புகிறேன்.