விரலின் விலை

(கள்ளக்குறிச்சி தொழிலாளர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



தகடு வெட்டி அடிக்கிற பட்டறைத் தொழிலாளர்களின் கூலியைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். கூலி என்றால் சனிக்கிழமை கையில் வாங்குகிற பணம் என்றுதான் நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். ஆனால் கையில் கொடுப்பது ஒன்று, புத்தகத்தில் எழுதுவது வேறொன்று. இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்பது, பிரஸ் யந்திரத்தில் விரல் போன அன்றைக்குத்தான் தெரிய வரும்.

விரலுக்கும் விலை உண்டா என்பீர்கள். உண்டு. 1923-ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு ஜாபிதா போட்டிருந்தார்கள். கட்டை விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 100-க்கு 30 நஷ்டம். ஆள்காட்டி விரலுக்கு 14, நடு விரலுக்கு 12, சுண்டு விரலுக்கு 7. அந்தச் சட்டம் 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டாலும், கணக்குப் போடும் வழி பழைய வழியே. மாதக் கூலியில் 100-க்கு 60 எடுத்து, வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்கி, அதில் விரலுக்குரிய பங்கைக் கொடுக்க வேண்டும்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிப் பட்டணத்துப் பட்டறைக்குப் போன 25 வயதுப் பிள்ளை ஒருவன் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவன் வயதுக்கு எண் 216.91. கையில் வாங்கும் கூலி மாதம் 15,000 ரூபாய். போனது ஆள்காட்டி விரல். அவனுக்குச் சேர வேண்டியது 2,73,306 ரூபாய். புத்தகத்தில் 7,500 என்று எழுதியிருந்தாலோ 1,36,653 ரூபாய்தான். பேனாவினாலேயே பாதி விரலை வெட்டியாயிற்று! இ.எஸ்.ஐ.யில் சேர்த்த இடத்தில் மாதாமாதம் பணம் வரும். அதுவும் எழுதின கூலியைப் பார்த்துத்தான்.

இதற்கு நம் ஆள் என்ன சொல்லுகிறான்? "தலையெழுத்து" என்கிறான். அட பைத்தியமே! எழுத்து இருந்தது கணக்குப்பிள்ளையின் நோட்டில், தேடினது தலையிலா?

ஆயுத பூஜையன்று அதே யந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், பூசணிக்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. விரல் உள்ளே போகாமல் மறிக்கும் இரும்புத் தடுப்பு மட்டும் இல்லை. இரண்டு கையும் வைத்து அழுத்தினால்தான் ஓடும் பொத்தான் வைத்தால் வேலை சுணங்குமாம். பழம் நசுங்கினால் திருஷ்டி போயிற்று, விரல் நசுங்கினால் விதி! பூசணிக்காய்க்கு ஆகிற செலவைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை, தடுப்பு முதலில் வரட்டும் என்கிறேன்.

மலைவாசித் தோழர்களுக்கு இது புதிதல்ல. 1976-ல் சர்க்கார் எடுத்துக் கொள்ளும் வரைக்கும் அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று பட்டணம் போகிறார்கள். பாட்டனுக்குக் கூலியே இல்லை. பேரனுக்குக் கூலி உண்டு, எழுத்தில்தான் பாதி.

"உன் அஜாக்கிரதை" என்று முதலாளி சொல்லுவார். வெறும் அஜாக்கிரதை என்று சொல்லி நஷ்டஈட்டை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. பத்தாயிரத்தைக் கையில் வைத்து, "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று கையெழுத்து வாங்குவார்கள். உரிமையை விட்டுக் கொடுத்ததாக எழுதின அந்தக் காகிதம் செல்லாது. விரல் போன பிறகு இதைச் சொல்லி என்ன பயன்? இந்த மாதக் கூலி வாங்கும்போதே சீட்டைக் கேளுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று, படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவரைக் கொண்டு படித்துப் பாருங்கள்.