மின்கிற்றாரும் முன்திட்டமும்



இசைக்கருவி செய்வதற்கு மரமும் நரம்பும் வேண்டும். அவற்றுக்கு முன்னே கணக்கு வேண்டும். இவ்வுண்மையை நன்குணர்ந்த பெரியார் ஒருவர் கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதை அடுத்த காரைதீவிற் பிறந்தவர். 1892 ஆம் ஆண்டிலே தோன்றிய சுவாமி விபுலாநந்தர், கல்முனையிற் கல்வி பயின்று, பின்னர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதராகவும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கினார். வழக்கொழிந்த யாழை அவர் நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள கணிதத்தின் வழியே தேடினார். அவருடைய யாழ்நூல் 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆந் திகதி அவர் மறைந்தார்.

அதே 1947 யூலை 19 ஆந் திகதி இங்கிலாந்திலே பிறையன் மே என்னும் குழந்தை பிறந்தது. இது தற்செயலே, எனினும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஏனெனில், அக்குழந்தை வளர்ந்து தன் கையாலேயே ஒரு மின்கிற்றாரைச் செய்தது. 1963 ஆகஸ்டில், பதினாறு வயதில், கடையில் விற்ற கிற்றார்களை வாங்கப் பணமில்லாத நிலையில், மின்னணுவியல் அறிந்த தந்தையாருடன் பிறையன் வேலையைத் தொடங்கினார். கருவியின் கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் உதவியது. நரம்புகளைத் தாங்கி அசையும் பொறிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வில்கள் உதவின. விரற்பலகையின் அடையாளப் புள்ளிகளுக்குத் தாயாரின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் உதவின. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முடிந்த அக்கருவியையே அவர் பின்னர் குயின் என்னும் புகழ்பெற்ற இசைக்குழுவில் வாசித்தார். 2007 இல் வானியற்பௌதிகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

இக்கருவியின் உயிர் மரத்தில் மட்டுமன்று, அதன் உள்ளே ஓடும் மின்கம்பிகளின் ஒழுங்கிலும் இருக்கிறது. அதனை விளங்கிக்கொள்ள மின்கிற்றார் எவ்வாறு ஒலிக்கிறது என்பதை அறிதல் வேண்டும். பக்கீர் பாவாமாரின் றபானில் தோல் அதிர்ந்து காற்றை அசைக்கிறது. மின்கிற்றாரிலோ உருக்கு நரம்பின் கீழே காந்தமும் அதனைச் சூழ்ந்த செப்புக்கம்பிச் சுருளும் உள்ளன. இதனைப் பிக்கப் என்பர். நரம்பு அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. மாற்றம் சுருளில் மின்னைத் தூண்டுகிறது. பரடே 1831 இற் கண்ட விதி இதுவே. அச்சிறு மின்னை விரியலாக்கி பெருக்கி ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறது.

தலைமயிரின் பருமனை ஒத்த கம்பி, ஒரு சுருளில் ஏழாயிரம் எண்ணாயிரம் சுற்றுகள் சுற்றப்பெறும். மருதமுனைக் கைத்தறிகளுக்குத் தார் சுற்றிப் பழகிய கைகளுக்கு இவ்வேலையின் பொறுமை புதிதன்று. நூல் அறுந்தால் முடிச்சிடலாம். இக்கம்பி அறுந்தாலோ பெரும்பாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிறையனும் முதலில் தாமே பிக்கப்புகளைச் சுற்றினார். நரம்பை விரலால் இழுத்து வளைக்கும்போது, காந்தமுனைகள் அமைந்திருந்த விதத்தினால், வேண்டாத இரைச்சல் எழுந்தது. எனவே பேர்ண்ஸ் என்னும் நிறுவனத்தின் பிக்கப்புகள் மூன்றை வாங்கிப் பொருத்தினார். கம்பி ஒழுங்கை மட்டும் தம் திட்டப்படியே அமைத்தார்.

அத்திட்டத்தில் முதல் வினா, சுருள்களைத் தொடராக இணைப்பதா, சமாந்தரமாக இணைப்பதா என்பது. ஒவ்வொன்றும் 7 கிலோ ஓம் தடையுள்ள இரு சுருள்கள் தொடராக இணைந்தால் மொத்தத் தடை 14 கிலோ ஓம்; சமாந்தரமாக இணைந்தால் 3.5 கிலோ ஓம். தொடரிணைப்பில் ஒலி வலிமையும் தடிப்பும் பெறும். சமாந்தரத்தில் தெளிவும் மென்மையும் பெறும். பிறையன் தொடரிணைப்பைக் கொண்டார். ஆனால் தொடரில் ஒரு சுருளைத் துண்டித்தால் வழியே அறுந்து கருவி முழுவதும் ஊமையாகிவிடும். ஆகவே ஒவ்வோர் ஆளியும் சுருளைத் துண்டியாமல், அதனைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குவழியைத் திறத்தல் வேண்டும். இதனை முன்னரே சிந்தியாதவன் மரத்தைக் குடைந்த பின்னர் வருந்துவான்.

இரண்டாவது வினா அவத்தை பற்றியது. கரைவலையின் கயிற்றை எல்லாரும் கரைநோக்கி இழுத்தால் வலை வரும். பாதிப்பேர் கடல்நோக்கி இழுத்தால் ஒருவர் வலிமையை மற்றவர் வலிமை அழிக்கும். ஒரு சுருளின் இரு முனைகளையும் மாற்றித் தொடுத்தால் அதன் மின்னும் அவ்வாறே எதிர்ப்படும். எனினும் ஒலி முற்றாக அழிவதில்லை. கழுத்தை அடுத்த பிக்கப்பும் பாலத்தை அடுத்த பிக்கப்பும் நரம்பின் வெவ்வேறு இடங்களில் நிற்பதால், பொதுவான பகுதி மறைய, வேறுபட்ட மேற்சுரங்கள் எஞ்சி மெல்லிய, மூக்கொலி போன்ற ஒரு தொனி பிறக்கிறது.

பிறையன் ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு ஆளிகள் வைத்தார்: ஒன்று சேர்க்கவும் நீக்கவும், மற்றையது அவத்தையை மாற்றவும். தனித்து ஒலிக்கும் வகை மூன்று; இரண்டிரண்டாகச் சேரும் மூன்று சோடிகள், சோடிக்கு இருவகையாக ஆறு; மூன்றும் சேரும் வகை நான்கு. ஆகப் பதின்மூன்று. ஆறு சிறு ஆளிகளிலிருந்து பதின்மூன்று தொனிகள்! மாணவர்கள் இக்கணக்கைத் தாமே தாளில் எழுதிச் சரிபார்க்கலாம்.

இனி எச்சரிக்கை ஒன்று. சுருளில் எழும் மின் மிகச் சிறிது, அதனால் அபாயமில்லை. ஆனால் விரியலாக்கி 230 வோல்ற்று மின்னோடு இணைந்தது. கிற்றாரின் நரம்புகளோ பெரும்பாலும் அதன் உலோக உடலோடு தொடுக்கப்பட்டவை. விரியலாக்கி பழுதுற்று, முறையான புவித்தொடுப்பும் இல்லாதிருப்பின், வாசிப்பவர் உயிருக்கே தீங்கு நேரலாம். இக்காரியத்தில் சிக்கனம் பாராட்டுதல் கூடாது; தேர்ந்த மின்பணியாளரிடம் காட்டிய பின்னரே தொட வேண்டும். வீட்டு மின்னிலிருந்து புகும் முரலொலியைக் குறைக்க, குடைந்த அறையின் உட்புறத்தைச் செப்புத்தகட்டினால் மூடி, அதனை நரம்புகள் தொடுக்கப்பட்ட அதே கம்பியோடு தொடுத்தல் நன்று.

ஆகவே, இக்கரையோரத்தில் ஓர் இளைஞனோ யுவதியோ இத்தகைய கருவியைச் செய்ய விழைந்தால், முதலில் எடுக்க வேண்டியது உளியன்று, பென்சிலே. சுருள்கள், ஆளிகள், தடைகள் ஆகியவற்றை வரைந்து, ஒவ்வோர் ஆளியின் நிலையிலும் மின் எவ்வழி செல்கிறது என்று விரலால் தொடர்ந்து பார்க்க வேண்டும். பின்னர் ஈயம் பற்றவைக்காமல், கவ்விகளால் தற்காலிகமாக இணைத்துக் கேட்க வேண்டும். காதுக்கு உவப்பானதை மட்டுமே நிலையாக்க வேண்டும்.

பணமில்லாமை பிறையனின் வீட்டிலும் இருந்தது; அங்கே இருந்த பிறிதொன்று, மகனோடு அமர்ந்து வேலை செய்யத் தந்தையார் ஒதுக்கிய மாலைப்பொழுதுகள். பெற்றோர்களும் ஆசிரியர்களும் அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், வீட்டில் வீணே கிடக்கும் மரமும் வில்லும் பொத்தானும் தாமே பயன்படும்.