குழந்தை மார்பை உதறுவது ஏன்?

(உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டிப் புது தில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் கூடிய தமிழ்த் தாய்மார்களிடையே ஆற்றிய உரை)



நான் மருத்துவர் அல்லள். பொருளாதாரம் பயின்று, முப்பது ஆண்டுகளாக அரசுக் கோப்புகளுடன் பழகி வருபவள். ஆயினும் இந்தப் பொருளை நானே கேட்டு எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு.

1996-ஆம் ஆண்டில் என் மூத்த மகள் பிறந்தாள். அந்நாளில் மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 90 நாட்களே. விடுப்பு முடியுமுன் குழந்தையைப் புட்டிக்குப் பழக்கினேன். பணியில் சேர்ந்த சில நாட்களில், மார்பில் வைத்தவுடன் குழந்தை முதுகை வளைத்து, தலையைத் திருப்பிக்கொண்டு வீறிட்டு அழத் தொடங்கினாள். "பால் வற்றிவிட்டதம்மா, டப்பாப் பால் வாங்கிவிடு" என்றார் அண்டை வீட்டு மாமி. நாங்கள் சென்ற மருத்துவமனையிலும், குழந்தை பால் அருந்தும் விதத்தை எவரும் பார்க்கவில்லை. ஒரு பால் மாவின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நான்காம் மாதத்தில் தாய்ப்பால் அறவே நின்றது. என்னிடம் பால் இருந்தது என்பதையும், அதை நானே நிறுத்திக்கொண்டேன் என்பதையும் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

தேவையும் அளிப்பும்

தாய்ப்பாலில் அளிப்பைத் தீர்மானிப்பது தேவையே. குழந்தை எவ்வளவு அருந்துகிறதோ அவ்வளவு சுரக்கும். மார்பு காலியாகக் காலியாகச் சுரப்பு விரைவுபெறும். பால் தேங்கி நின்றால் சுரப்பு மந்தமாகும். ஆகவே ஒரு வேளை டப்பாப் பால் கொடுத்தால், அந்த வேளைக்குரிய தேவை உடலை எட்டாமற் போகிறது. மறுநாள் பால் சற்றுக் குறைகிறது. தாய் அஞ்சி இன்னொரு வேளை சேர்க்கிறாள். "பால் போதவில்லை" என்று தொடக்கத்தில் எழுந்த வீண் அச்சம் சில வாரங்களில் உண்மையாகிவிடுகிறது.

அழுகையின் காரணங்கள்

நன்றாகப் பால் குடித்து வந்த குழந்தை திடீரென்று மார்பை உதறினால், பால் இல்லை என்ற முடிவுக்கு வருமுன் பிற காரணங்களை ஆராய வேண்டும்.

முதலாவது, வளர்ச்சி வேகம். இரண்டு, மூன்று வாரங்களிலும், ஆறாம் வாரத்தையொட்டியும், மூன்றாம் மாதத்திலும் பல குழந்தைகள் அடிக்கடி பால் கேட்டுச் சிணுங்கும். சுரப்பைக் கூட்டுவதற்கு இயற்கை வகுத்த வழி இது. கேட்கும்போதெல்லாம் கொடுத்து வந்தால் பெரும்பாலும் சில நாட்களில் சரியாகும். பொதுவாகவே குழந்தைகளின் அழுகை ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்தை அடைவதும், மாலை வேளையில் மிகுவதும் இயல்பு. அதே காலத்தில் மார்பின் தொடக்க காலக் கனமும் குறைந்து மென்மையாகும். சுரப்பு ஓர் ஒழுங்குக்கு வந்ததன் அடையாளமாகிய இதைத் தாய் வறட்சி என்று எண்ணிவிடுகிறாள்.

இரண்டாவது, பால் இறங்கும் வேகம். சிலருக்குப் பால் பீறிட்டு இறங்கும். குழந்தை திணறி, இருமி, வாயை எடுத்துக்கொள்ளும். முதல் வேகம் தணியச் சிறிது பாலைப் பீய்ச்சிவிட்டுக் கொடுக்கலாம். சற்றுச் சாய்ந்து அமர்ந்தும் கொடுக்கலாம். சிலருக்குப் பால் தாமதித்து இறங்கும். தாயின் கவலை, வலி, களைப்பு ஆகியவை அதை மேலும் தாமதப்படுத்தும். புட்டியில் வாய் வைத்தவுடன் பால் வரப் பழகிய குழந்தைக்கு அந்த ஒரு நிமிடம் காத்திருக்கப் பொறுமை இராது. என் மகளுக்கு நேர்ந்தது இதுவே.

மூன்றாவது, குழந்தையின் உடல் உபாதை. சளியால் மூக்கு அடைத்திருந்தால் பால் குடித்துக்கொண்டே மூச்சுவிட இயலாது. காது வலி இருப்பின் ஒரு பக்கம் படுக்க வைத்தால் மட்டும் அழக்கூடும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படிவு இருந்தால் அது வாய்ப்புண். மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல் முளைக்கும் காலத்தில் ஈறு வலிக்கும். காற்று தங்கிய வயிறும் தொல்லை தரும். தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்தால் அடங்கும்.

நான்காவது, சூழ்நிலை. நான்கு மாதக் குழந்தைக்கு உலகம் புதுமையாகத் தெரியத் தொடங்குகிறது. ஒரு குரல் கேட்டால் போதும், பாலை விட்டுத் திரும்பிப் பார்க்கும். தாய் புதிதாகப் பூசிய வாசனைப் பொருளும், மாதவிலக்கு திரும்பிய நாட்களும், தாய் வேலைக்குச் சென்ற பிரிவும்கூடக் காரணமாகலாம்.

போதுமா என்று அறிவது எப்படி?

அழுகையைக் கொண்டு பாலை அளவிடலாகாது. முதல் வாரம் கழிந்தபின், நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் வெளிர் நிறச் சிறுநீர் கழிப்பதும், எடை சீராகக் கூடுவதும் பால் போதுகிறது என்பதற்குச் சான்றுகள். அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறித்துக்கொள்வது இதற்கு உதவும். மாறாக, சிறுநீர் குறைந்தாலோ, எடை கூடாவிட்டாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சலோ வேக மூச்சோ கண்டாலோ, எந்த வகையிலும் பால் அருந்த மறுத்தாலோ உடனே மருத்துவரை நாட வேண்டும்.

மற்ற வேளைகளில் வலிந்து மார்பில் அழுத்தாதீர்கள். அமைதியான அறையில், குழந்தையின் உடல் தாயின் உடலோடு படியுமாறு அணைத்துக்கொள்ளுங்கள். அரைத் தூக்கத்தில் பல குழந்தைகள் மறுப்பின்றிக் குடிக்கும். மறுக்கும் வேளைகளில் பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டுங்கள். சுரப்பும் குறையாது, புட்டிப் பழக்கமும் வராது.

நாட்டின் கணக்கு

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்கள் 2005-06-இல் 46.4 விழுக்காடு, 2019-21-இல் 63.7 விழுக்காடு. இது மகிழ்ச்சிக்குரிய முன்னேற்றம். ஆனால் 2015-16-க்கும் 2019-21-க்கும் இடையே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்த பிரசவங்கள் 78.9-இலிருந்து 88.6 விழுக்காடாக உயர்ந்தும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.6-இலிருந்து 41.8 விழுக்காடாகவே உயர்ந்தனர். கட்டடமும் கட்டிலும் கிடைத்துவிட்டன. தாயின் அருகில் அமர்ந்து கற்றுத்தரும் கைதான் இன்னும் போதவில்லை.

குழந்தைப் பால் மாவையும் புட்டியையும் விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2003-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. மத்திய அரசு ஊழியரின் மகப்பேறு விடுப்பு 1997-இல் 135 நாட்களாகவும், 2008-இல் 180 நாட்களாகவும் உயர்ந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் பிற நிறுவனப் பெண்களுக்கும் 26 வார விடுப்பையும், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தையும் வகுத்தது. ஆனால் செங்கல் சுமப்பவளுக்கும், வீடுகளில் பாத்திரம் துலக்குபவளுக்கும் இவை எட்டுவதில்லை. நம் வீடுகளில் வேலை செய்யும் பெண் பிள்ளை பெற்றால், சில மாதங்கள் ஊதியத்தோடு ஓய்வு தர நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்? இக்கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன்.

சென்ற ஆண்டு என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஏழாம் வாரத்தில் ஒரு மாலை, குழந்தை மார்பை உதறிவிட்டு அழுதது. "அம்மா, எனக்குப் பால் வற்றிவிட்டதா?" என்று கண்கலங்கினாள். அன்று நனைந்த துணிகளை எண்ணிப் பார்த்தோம், எட்டு இருந்தன. விளக்கைத் தணித்து, கதவைச் சாத்தி, நான் அவளருகில் அமர்ந்திருந்தேன். அரைமணி நேரத்தில் குழந்தை தானாகப் பால் குடித்தது.

1996-இல் எனக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவே. உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் ஒரு தாய் இவ்வாறு கலங்கி நின்றால், டப்பாவின் பெயரைச் சொல்லாதீர்கள். அருகில் சென்று அமருங்கள்.