இத்துடன் இன்றைய நிகழ்ச்சிகள் நிறைவடைகின்றன

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"தூக்கத்தைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க சார்" என்றார் நம் செயலாளர். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு இந்தத் தலைப்பைக் கொடுத்தால் சபையின் கதி என்ன ஆகும் என்பது அவருக்கே தெரியும். நான் டாக்டர் இல்லை. இதே கல்லூரியில் பௌதிகம் படித்தவன். ஆகவே மருந்து சொல்ல மாட்டேன். வெளிச்சத்தைப் பற்றியும் சுவிட்சைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் விடுதியில் இருந்தபோது பத்தரை மணிக்கு வார்டன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். அவரைத் திட்டாத இரவு கிடையாது. ஆனால் பத்தே நிமிடத்தில் விடுதி முழுவதும் குறட்டை கேட்கும். எங்களுக்கு மன உறுதி அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். விழித்திருந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை, பக்கத்துக் கட்டில்காரனும் படுத்துவிட்டான், அவ்வளவுதான் காரணம்.

வீட்டிலும் அதே கதைதான். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்தது. இரவானால் நிலையத்தையே மூடிவிடுவார்கள், ரேடியோவும் அப்படியே. வாரப் பத்திரிகையில் 'தொடரும்' என்று போட்டால் அடுத்த வாரம் வரை காத்திருந்தோம். சினிமாவுக்கு 'சுபம்' உண்டு. இன்று கையில் ஓடுகிற ரீல்ஸுக்கு சுபமும் இல்லை, தொடரும் என்ற கார்டும் இல்லை. விரலால் தள்ளத் தள்ள வந்து கொண்டே இருக்கிறது.

வெளிச்சத்துக்கு வருகிறேன். நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் போக, பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதையே முக்கிய வேலையாகக் கொண்ட வேறு சில செல்களும் இருக்கின்றன. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இவற்றைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டால் இவை அதிகமாகத் தூண்டப்படும். உடனே மூளை "இன்னும் பொழுது சாயலை" என்று எண்ணி, இரவைக் குறிக்கும் மெலடோனின் சுரப்பைக் குறைத்துவிடும்.

அமெரிக்காவில் 12 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2015-இல் வெளியிட்டார்கள். படுக்கப் போகுமுன் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சிட்ட புத்தகம் படித்த நாட்களைவிடத் தூக்கம் வரச் சுமார் 10 நிமிடம் கூடுதலாக ஆயிற்று. இதை வைத்துக் கொண்டு பலர் பயமுறுத்துகிறார்கள். என்னைக் கேட்டால் 10 நிமிடம் ஒரு பெரிய நஷ்டமே இல்லை. அந்த ஆய்வில் விளக்கணைக்கும் நேரத்தை ஆய்வாளர்களே தீர்மானித்தார்கள். நம் வீட்டில் யார் தீர்மானிக்கிறார்கள்? திரையை மஞ்சளாக்கினால் நீல ஒளி குறையும். பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து வரும் வாட்ஸ்அப் குறையுமா? திருடன் வெளிச்சம் மட்டும் அல்ல. முடிவே இல்லாத நிகழ்ச்சிதான் பெரிய திருடன். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமும், 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று சொல்கிறார்கள். தம்பிமார்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்து வட்காவ் என்ற கிராமத்தில், 2022-இல் ஊரே கூடி ஒரு முடிவெடுத்தது. மாலை 7 மணிக்குக் கோயிலில் சங்கு ஊதும். உடனே வீட்டுக்கு வீடு டிவியும் செல்போனும் ஒன்றரை மணி நேரம் ஓய்வெடுக்கும். பிள்ளைகள் படிக்கட்டும், மனிதர்கள் பேசிக் கொள்ளட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: அணைத்தால் எல்லாரும் அணைக்க வேண்டும். அப்பா கூடத்தில் சீரியஸாக யூடியூப் பார்த்துக் கொண்டே மகனைப் பார்த்து "போய்ப் படுடா" என்றால் எந்த மகன் படுப்பான்?

எங்கள் வீட்டில் இதைத்தான் செய்தோம். கூடத்து அலமாரிப் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட். பத்து மணிக்கு எல்லாருடைய செல்போனும் அங்கே சார்ஜுக்குப் போய்விட வேண்டும், என்னுடையதும் சேர்த்து. படுக்கையறையில் டிவி கிடையாது. அலாரத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி உடனே வந்தது. பழைய மாதிரி ஒரு கடிகாரம் வாங்கினேன். முதல் வாரம் முணுமுணுப்பு பலமாக இருந்தது. அதிகம் முணுமுணுத்தது பிள்ளைகள் அல்ல என்பதோடு நிறுத்திக் கொள்கிறேன். என் மனைவியும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

மறுக்க முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு. நம்மில் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில். "ராத்திரி அவன் கூப்பிட்டா என்ன பண்றது?" என்று தலையணைக்குக் கீழே போனை வைத்துப் படுக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! நியூயார்க்கில் அவன் வேலை முடித்து மாலை ஆறுக்குக் கூப்பிட்டால், கோடை காலத்தில் இங்கே விடிகாலை மூன்றரை. அவன் காலை எட்டு மணிக்குப் பேசினால் நமக்கு மாலை ஐந்தரை, காபி நேரம். இதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவன் தானாக யோசிக்க மாட்டான். அவசரத்துக்கு வழி இருக்கிறது. குறிப்பிட்ட சில எண்களுக்கும், அடுத்தடுத்து வரும் அழைப்புக்கும் மட்டும் மணி அடிக்கும்படி செல்போனில் அமைத்துவிடலாம். கூடத்தில் மணி அடித்தால் படுக்கையறையில் கேட்காதா?

அந்த அமைப்பைச் செய்து கொடுக்கத் தெரியாதவர்கள் இங்கே என் வயதுக்காரர்கள் மட்டுமே. முன்வரிசைத் தம்பி தங்கையர் தேநீர் இடைவேளையில் ஆளுக்கு ஒரு பெரியவரைப் பிடித்துக் கொண்டு அதைச் செய்து கொடுக்கும்படி கேட்டுக் கொள்கிறேன். என் போனை ஏற்கெனவே செய்தாயிற்று.