கேட்டறிவது சலுகையன்று, உரிமை

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வாக்களித்ததோடு குடிமகனின் கடமை தீர்ந்தது என எண்ணுவோர் நம்மிடையே பலர். தேர்தலுக்கு மறுநாள் தொடக்கம் ஆட்சி நடப்பது கச்சேரியிலும் கந்தோரிலுமே. அங்கே மக்கள் குரலுக்கு இடமில்லையெனில் வாக்குச்சீட்டு வெறுங் கடதாசியே.

குளத்து நீரை எந்நாளில் திறப்பது, எவ்வளவு நிலம் விதைப்பது என்பவற்றைக் கமக்காரர் கூடித் தீர்மானிப்பது நம் நாட்டின் பழவழக்கு. ஆங்கிலேயர் 1856 இல் இயற்றிய நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அவ்வழக்குக்குச் சட்டவலு தந்தது. இன்று காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டம் அதன் வழித்தோன்றலே.

1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் இன்னும் ஒருபடி சென்றது. உழவர் வாக்கினால் தெரிவாகும் பயிர்ச்செய்கைக் குழுக்களை அது அமைத்தது. அக்குழுக்களில் குறைகள் இருந்தன. ஆயினும் 1973 இல் வந்த கமத்தொழிற் காணிகள் சட்டம் குறைகளைத் திருத்தவில்லை. குழுவினரை நியமிக்கும் அதிகாரத்தை அமைச்சர் கையிற் கொடுத்தது. குழு என்ற பெயர் எஞ்சியது, உயிர் போயிற்று. தெரிவானவன் உழவனுக்குப் பதில் சொல்வான். நியமனம் பெற்றவன் நியமித்தவனுக்கே பதில் சொல்வான்.

இப்பாடத்தை மறவாது, இன்று நம் கையிலுள்ள கருவியை நோக்குவோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி எக்குடிமகனும் அரச அலுவலகத்தில் தகவல் கோரலாம். காரணங் கூற வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் கேட்டால், அதனை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு கூறப்பட வேண்டும். உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமாயின், அவசர வேலை தவிர, தொடங்குவதற்கு 3 மாதங்களுக்கு முன்னரே மக்களுக்கு அறிவிக்கும் பொறுப்பு அமைச்சருக்கு உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அறிவிக்க வேண்டுமென்கிறதே ஒழிய, உங்கள் சம்மதம் பெற வேண்டுமென அச்சட்டம் கூறவில்லை. வயலூடாக வாய்க்கால் வெட்டப்படும் செய்தியை முன்கூட்டி அறியலாம். தடுக்கும் வலு அச்செய்தியில் இல்லை. பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்டு, ஏற்காவிடின் காரணத்தை எழுத்தில் தரவேண்டுமென்ற விதியைச் சட்டத்திற் சேர்ப்பிப்பதே நம் அடுத்த கோரிக்கையாதல் வேண்டும்.

சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, பொறியியலாளர்களே! வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கமக்காரர் அமைப்புக்கு அளியுங்கள். விண்ணப்பம் எழுத உதவுங்கள்; வரைபடத்தை விளக்குங்கள். கமக்காரரே! கூட்டத்துக்கு வாருங்கள், தீர்மானம் பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து போகாதீர்கள். பயன்படுத்தாத உரிமை, உழாத வயல்போற் புல் மண்டிப் போகும்.