எரிச்சல் போய் இறங்கும் இடம்



இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, நான் உங்களிடம் எரிச்சலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாளை முதல் உங்களுக்கு அதிகம் வரப்போவது அதுதான். தேர்வாணைய முடிவு மாதக்கணக்கில் இழுக்கும். நேர்காணலுக்கு அழைத்த கம்பெனி பதிலே சொல்லாது. கல்யாண வீட்டில் பார்க்கிறவர்களெல்லாம் "இன்னும் வேலை கிடைக்கலையாப்பா?" என்பார்கள். வேலை கிடைத்தாலும், ஒரகடம் போகும் கம்பெனி பஸ் கண்ணெதிரே புறப்பட்டுப் போகும். இவற்றில் எதையும் பெரிய துன்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் நாள்தோறும் சேர்ந்தால் நல்ல பிள்ளையையும் கடுகடுப்பாக்கிவிடும்.

காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறினால் வேலை நின்றுவிடும். தெருவில் பாவு நூலை நீட்டியிருக்கும்போது ஒரு தூறல் விழுந்தால் எல்லாவற்றையும் சுருட்ட வேண்டும். இழை அறுந்தால் தறி நிற்கும். அறுந்த முனையைத் தேடிப்பிடித்து, விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் மறுபடி நுழைத்து, விரல் நுனியால் முறுக்கிச் சேர்த்த பிறகுதான் நாடா ஓடும். கோர்வைச் சேலை என்றால் ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். அந்த இடத்தில் மனைவி உட்காருவார், அல்லது தம்பி உட்காருவான். பள்ளிக்கூடம் போக வேண்டிய சின்னப் பிள்ளைகளே அங்கே உட்கார்ந்த காலமும் இந்த ஊரில் உண்டு. அதை நாம் மறக்கக் கூடாது. இழை அறுந்த அந்த நேரத்தில் நெய்பவரின் எரிச்சல் யார் மேல் பாயும்? கூலியை இழுத்தடிக்கும் முதலாளி மேல் பாயாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் பாயும்.

எரிச்சல் வருவதை யாராலும் தடுக்க முடியாது. அது எங்கே போய் இறங்குகிறது என்பதுதான் என் கவலை. மேலதிகாரியிடம் பல்லைக் கடித்துக்கொள்கிறோம், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்துகிறோம். வலியவரிடம் அடங்கிப் போவதில் பெருமை ஏதுமில்லை, நம் கோபம் பலிக்கும் எளியவரிடம் அதை அடக்குவதே அடக்கம் என்பது வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் வழி. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் நம் காஞ்சிக்காரர் என்பது மரபு.

இங்கே எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். நான் கிறிஸ்தவன், என்னைத் தாங்கும் விசுவாசத்திலிருந்துதான் என்னால் பேச முடியும். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு தாமதம் வருகிறது. யவீரு என்பவர் ஜெப ஆலயத் தலைவர், ஊரில் மதிப்புள்ளவர். அவருடைய 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு அவரோடு புறப்படுகிறார். வழியெல்லாம் நெரிசல். அந்த நெரிசலில் 12 வருடமாக உதிரப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பெண், கையில் இருந்ததையெல்லாம் வைத்தியருக்குச் செலவழித்தவள், பின்னாலிருந்து அவருடைய ஆடையைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். தொட்டது யார் என்று கேட்கிறார். இத்தனை பேர் இடிக்கும் இடத்தில் இதென்ன கேள்வி என்று சீஷர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அவரோ அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டு, மகளே என்று அழைத்து அனுப்புகிறார்.

நான் ஒவ்வொரு முறையும் யவீருவைத்தான் பார்ப்பேன். ஒவ்வொரு நொடியும் அவருக்கு நெருப்பு. அந்தப் பெண்ணை அதட்டி விலக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அந்த நேரத்தில் அவர் ஒரு வார்த்தை பேசியதாகக் கூட மாற்கு எழுதவில்லை. அந்தத் தாமதத்திலேயே மகள் இறந்துபோன செய்தி வருகிறது. பயப்படாதே என்று சொல்லி இயேசு அவர் வீட்டுக்குப் போய்ச் சிறுமியை எழுப்புகிறார். எழுப்பிய கையோடு, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார்.

அப்படியானால் எரிச்சலை விழுங்கிவிட வேண்டுமா? வேதம் அப்படிச் சொல்லவில்லை. சங்கீதங்களில் பல, கடவுளிடம் நேருக்கு நேர் வைத்த முறையீடுகள். குழந்தையில்லாத அன்னாளைச் சக்களத்தி குத்திக்காட்டுகிறாள். அன்னாள் ஆலயத்துக்குப் போய் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டுகிறாள். உதடு மட்டும் அசைவதைக் கண்டு, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி நினைக்கும் அளவுக்கு அழுது கொட்டுகிறாள். ஜெபம் என்றால் எனக்கு இதுதான். கடவுள் தாங்குவார், அவரிடம் கத்தலாம். அவரிடம் கொட்டிவிட்டால் தம்பி மேல் கொட்ட மிச்சம் இருக்காது.

பொறுமை என்ற பெயரில் அநியாயத்துக்குத் தலையாட்டச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பவரை எதிர்த்துக் கேளுங்கள். கூலியைக் குறைத்தால் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள்.

அநியாயத்துக்குப் பணியாமலும், அதன் சுமையை எளியவர் மேல் இறக்காமலும் நின்ற ஒருவரைச் சொல்கிறேன். நம் ஊர் ஆண்டர்சன் பள்ளியை அறியாதவர் இல்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே, ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சிறுவர்கள் அங்கே படிப்பது தெரியவந்து, அவர்களை நீக்கச் சொல்லி எதிர்ப்பு எழுந்தது. அந்தச் சின்னப் பையன்களை வெளியே அனுப்பியிருந்தால் அவருடைய தொல்லை அன்றைக்கே தீர்ந்திருக்கும். அவர் மறுத்தார். மாணவர்கள் விலகிப் போனார்கள், வகுப்புகள் வெறிச்சோடின. 1841-இல் மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றபோதும் பெற்றோர் அஞ்சிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பெற்றோரின் அச்சத்தையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தன் நெருக்கடியை எளிய பையன்கள் தலையில் இறக்க மறுத்த அந்த முதல் முடிவை மதிக்கிறேன். 1839-இல் காஞ்சிபுரத்தில் கிளைப் பள்ளி தொடங்கியதும் அவரே.

மாணவ மாணவியரே, இன்று மாலை போட்டோ எடுக்க வரிசை நீளும், வெயிலில் கருப்பு அங்கி கசகசக்கும், சாப்பிட்டாயா என்று அம்மா மறுபடியும் மறுபடியும் கேட்பார். அவருக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்லுங்கள். நாற்காலி எடுத்துப் போடும் ஊழியரிடம் ஒரு வார்த்தை அன்பாகப் பேசுங்கள். வேலைக்குக் காத்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்காகவும் நான் ஜெபிக்கிறேன்.