மாணவர் ஆக்கிய நாடகமும் படக்கருவி புகட்டிய பாடமும்
(சிவகிரியில் வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் நிறைகளை எடுத்துரைப்பது மரபு. இச்சங்கத்தின் மாலை வகுப்பில் பயின்று பட்டம் பெற்றோரையும் பணியில் அமர்ந்தோரையும் பற்றி எனக்கு முன் பேசிய பெருமக்கள் விரிவாகக் கூறினார்கள். நானோ ஒரு குறையைப் பற்றிப் பேச விழைகிறேன். அக்குறை என்னுடையது. அதனை எனக்கு உணர்த்தியவை, நம் பிள்ளைகள் தாமே ஆக்கிய ஒரு நாடகமும் அதனைப் படம்பிடித்த ஒரு கைப்பேசியும் ஆகும்.

நாடகம் நம் தென்மாவட்டங்களுக்குப் புதிதன்று. தூத்துக்குடிப் பகுதியில் 1867-இல் பிறந்த சங்கரதாசு சுவாமிகள், 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே நாடக சபை ஒன்றை நிறுவினார். அங்கே ஆசிரியர் பாடம் சொல்வார்; சிறுவர்கள் மனப்பாடம் செய்து நடிப்பார்கள். இதற்கு மாறான நெறியும் உண்டு. பிரேசில் நாட்டின் அகஸ்டோ போவால் தமது 'ஒடுக்கப்பட்டோர் அரங்கில்' பார்வையாளரையே எழுந்து வந்து நடிக்குமாறு அழைத்தார். வங்கத்தின் பாதல் சர்க்கார் 1980-இல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறை, தமிழ்நாட்டு வீதி நாடகத்துக்கு உரமூட்டிற்று. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கக் கலைக்குழுக்கள் ஊர்தோறும் நடித்தன. கே. ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' நாடகத்தின் வாயிலாகத் தலித் அரங்குக்கு வழி திறந்தார். 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் நடைபெற்று வருகிறது.

இவற்றையெல்லாம் எண்ணியே, சென்ற ஆண்டு மாலை வகுப்புப் பிள்ளைகளிடம், "நாடகத்தை நீங்களே ஆக்குங்கள்" என்றேன். உதவித்தொகைக்காகச் சாதிச் சான்றிதழ் வாங்க அலையும் தாய் ஒருத்தி, பெருவிரல் ரேகையை விடுத்துக் கையெழுத்திடக் கற்றுக்கொள்ளும் கதை பிறந்தது. தேநீர்க்கடை, அலுவலகம், பள்ளிக்கூடம் என மூன்று காட்சிகள். பிள்ளைகள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். பேச்சு நாள்தோறும் மாறியது. சிரிப்பொலி தெருமுனை வரை கேட்டது. கலியாண வீடுகளில் வீடியோ எடுக்கும் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியைப் பெஞ்சின்மேல் நிறுத்தி, முதல் ஒத்திகையிலிருந்தே படம்பிடித்து வந்தார்.

அங்கேதான் நான் தவறினேன். விழாவில் அரங்கேற வேண்டிய நாடகம் இப்படிக் கட்டுப்பாடின்றி இருக்கலாமா என்று அஞ்சி, வசனங்களைத் திருத்தி, நல்ல தமிழில் எழுதி, படியெடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். "படித்து மனப்பாடம் செய்து வாருங்கள்" என்றேன். அரங்கேற்றம் சிறப்பாகவே நடந்தது. எல்லோரும் கைதட்டினீர்கள்.

மறுவாரம் பிள்ளைகளோடு அமர்ந்து படத்தைப் பார்த்தோம். பாதியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அவனுக்கு மட்டும் ஏன் சார் மூணு காட்சியிலும் வாரியல்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அலுவலகத்திலும், கடையிலும், பள்ளியிலும் வாரியலோடு குறுக்கே நடந்து சிரிப்பூட்டியவன் ஒரே பையன். எட்டாம் வகுப்பு மாணவன். நம் வகுப்புக்கு அருந்ததியர் தெருவிலிருந்து வரும் ஒரே பிள்ளை. அவனுக்கு ஒரு சொல் வசனமும் இல்லை. நான் படித்த காலத்தில், வகுப்பறையைப் பெருக்க ஆசிரியர் ஒருவர் என்னைத்தான் அழைப்பார். அந்த வாரியலின் கனத்தை இன்றும் மறவாத நான், இந்தப் பிள்ளையின் கையிலிருந்ததைக் காணவில்லை. படிநிலையாக அமைந்த ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் அம்பேத்கர் சுட்டியது இதைத்தான். நமக்கு மேலே உள்ள படி நம் கண்ணுக்குத் தெரிகிறது. நமக்குக் கீழே உள்ள படி தெரிவதில்லை. தமிழ்நாட்டில் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009-இல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு, நம் மாலை வகுப்பிலேயே விடை இருந்தது.

அவ்வேடத்தை அவனுக்கு யார் கொடுத்தது என்று அறிய முதல் ஒத்திகைப் படத்தைப் போட்டோம். வியப்பு! அதில் அவன்தான் தேநீர்க்கடைக்காரன். எல்லோரையும் விட மிகுதியாகப் பேசியவனும் அவனே. நான் எழுத்துப் படியைக் கொடுத்த நாளுக்குப் பின்னர்தான் அவன் கைக்கு வாரியல் வந்திருக்கிறது. தனியே அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "நானாத்தான் கேட்டு வாங்கினேன் சார். எனக்கு வாசிக்க வராது" என்றான்.

அன்பர்களே! எட்டாம் வகுப்பு வரை வந்த பிள்ளைக்கு வாசிக்க வராது என்பதை நாங்கள் ஒருவரும் அறியவில்லை. பேசும் வரை அவன் முதல்வனாக இருந்தான். தாளை நீட்டியதும் ஊமையானான். வாரியலை அவனே கேட்டபோது, அது அவனுக்குப் பொருத்தமற்றது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் கேட்டது ஒரு குறை. நமக்குத் தோன்றாதது அதனினும் பெரிய குறை.

படக்கருவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022-இல், நம் சங்கரன்கோவிலுக்கு அருகே ஒரு சிற்றூரில், தின்பண்டம் வாங்க வந்த நம் பிள்ளைகளுக்குப் பொருள் இல்லையென மறுத்ததையே கடைக்காரர் படமெடுத்துப் பரப்பினார். அதே கருவி அங்கே இழிவுபடுத்தவும் இங்கே நம்மை நாமே திருத்திக்கொள்ளவும் பயன்பட்டது. ஆதலால் நாடகப் படத்தை வெளியில் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தோம். இன்று இங்கே இதனைச் சொல்வதும் அம்மாணவனிடமும் அவன் பெற்றோரிடமும் இசைவு பெற்றே. பெயரைச் சொல்ல மாட்டேன்.

பின்னர் நாடகத்தை மீண்டும் நடத்தினோம். எழுத்துப் படி இல்லை. வேடங்களைக் குடவோலை போலச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். வாரியல் எனக்கு விழுந்தது, பெருக்கினேன். அவன் மீண்டும் கடைக்காரன் ஆனான். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போது நாள்தோறும் அரைமணி நேரம் தன் பேச்சைத் தானே சொல்லி, அதை எழுதச் செய்து, எழுத்துக் கூட்டி வாசிக்கிறான். ஒரு பக்கத்தை முடிக்க இன்னும் வெகுநேரம் ஆகிறது.

சங்கத்தாரிடம் நான் வேண்டுவன இரண்டு. மாலை வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதல் மாதத்திலேயே தனியே அமர்த்தி வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அருந்ததியர் தெருவிலிருந்து ஒரு பிள்ளை மட்டும் வருவது ஏன் என்பதை நாமே அத்தெருவுக்குச் சென்று கேட்க வேண்டும். 25 ஆண்டுகளில் நாம் கட்டிய இந்த வீட்டின் கதவு யாருக்குக் குறுகலாக இருக்கிறது என்று பார்ப்பதே இவ்விழாவுக்கு ஏற்ற பணி.

என் பிழையைக் காட்டிக்கொடுத்த ஏழாம் வகுப்புச் சிறுமிக்கு நன்றி.